ஏழு வாளித் தண்ணீர்

"தண்ணி தேங்கி நிக்கிற வரைக்கும் ஊத்துங்க, அக்கா. மணல் அமுங்கினாத்தான் கல்லு ஆடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் கொத்தனார் வேலு.

ஆயர் ஈத்தாம் சாலை வீட்டின் வாசலிலிருந்து வெளிக்கேட்டு வரை நடைபாதைக்காகப் பரப்பியிருந்த மணலில் அக்னஸ் அப்படியே ஊற்றினாள். எங்கும் இரண்டு வாளியிலேயே தண்ணீர் தேங்கியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஏழு வாளி ஊற்றியும் நிற்கவில்லை. மணல்தான் குடிக்கிறது என்று நினைத்தாள். பள்ளம் விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மணலை அள்ளிப்போட்டு மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வேலு கருங்கல் பலகைகளை வரிசையாகப் பதித்தான். மத்தியானம் துறைமுக ஆபீசிலிருந்து வந்த அவள் புருஷன் லாரன்ஸ், புதுச் சப்பாத்து மாட்டிய காலோடு நடந்து பார்த்து, நடுக்கல்லில் ஒரு குதி குதித்தான்.

"கவர்னர் வந்தாலும் தாங்கும் லா!"

"கவர்னர் குதிக்க மாட்டாரு, அண்ணே."

வேலு சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தான். லாரன்ஸ் நின்ற கல் மட்டும் வெறும் பானைபோல ஒலித்தது.

அக்னஸ் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். "அங்கே... தண்ணி நிக்கவேயில்ல. ஏழு வாளி ஊத்தினேன்."

வேலுவின் முகம் மாறியது. "ஏழா? கீழே பழைய கிணறு இருக்கும்போல. அண்ணே, அசையாதீங்க!"

கல் ஒரு விரற்கடை இறங்கியது. அடியில், கிணற்றை மூடியிருந்த உளுத்த மரம் முறியும் ஓசை.

மட்டம் பார்க்கும் நீளப் பலகையை வேலு நீட்டினான். "அக்கா, இந்த முனையில என்னோட உக்காருங்க!" உட்கார்ந்தாள். செபத்தின் முதல் வரிக்கு மேல் நாக்கு எழவில்லை. லாரன்ஸ் குப்புற விழுந்து பலகையைக் கட்டிக்கொண்டான். அவன் காலடியில் கல் போயிற்று. ஒரு மூச்சு கழித்தே தண்ணீர்ச் சத்தம் வந்தது.

"ஒரு சப்பாத்து போச்சு" என்றான் லாரன்ஸ், பலகையை விடாமல்.

கிணற்றைத் தூர்த்து வேறு கல் போட்டார்கள். லாரன்ஸ் தினமும் அதை மிதித்தே வேலைக்குப் போனான். அக்னஸ் மட்டும் ஓரமாக மண்ணில் இறங்கி நடப்பாள்.

நான்கு வருடம் கழித்து லாரன்ஸ் காய்ச்சலில் போனான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் வேலுவும் ஒருவன். நடுக்கல் நெருங்கியதும் அக்னஸ் தன்னையறியாமல் கத்தினாள்:

"அந்தக் கல்லு... பார்த்து!"

வேலு மற்ற மூவரையும் கல்பாதையிலிருந்து மண்ணில் இறங்க வைத்து, ஓரமாகவே லாரன்ஸைக் கொண்டுபோனான்.