காருக்குள் நின்ற சனிக்கிழமை

ஏசி மெக்கானிக்கின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நீச்சல்குளத்துக்குப் போகக் காரில் ஏறி உட்கார்ந்த சனிக்கிழமை, காருக்குள் மட்டும், பத்தொன்பது வருடம் நீடித்தது. அந்த வருடம் வெயில் வழக்கத்தைவிட அதிகம். ஐஸ் கட்டி விலையும் அதிகம். மனைவி விடிகாலையிலேயே எழுந்து சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டி, துண்டுகளை மடித்துப் பையில் திணித்து, பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு, தான் முன்னால் உட்கார்ந்தாள். மெக்கானிக் சாவியைத் துளையில் செருகினார். வாசல் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து இறங்கினார். அப்போது போன் அடித்தது. ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் அறையின் ஏசி நின்றுவிட்டதாம். "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, கருவிப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்தார். மனைவி கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசமாட்டாள் என்பது அவர் அனுபவம். அதனால் தானே எதையோ கிண்டிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. திங்கட்கிழமைதான், இது வெறும் கோபம் இல்லை என்று அவருக்குத் தட்டுப்பட்டது.

மாடியில் குடியிருந்த மைத்துனர் வந்து அக்காவைக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். சுவரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. டாக்டர் வந்து ஜன்னல் வழியாக நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அவர் ஒன்றும் இல்லை என்று கையை விடப்போன சமயத்தில் ஒரு துடிப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்காங்க. நம்மளவிடக் கொஞ்சம் நிதானமா இருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். வைத்தியம் என்ன என்று மைத்துனர் கேட்டார். "ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனாராமே, வந்து உக்காரச் சொல்லுங்க. சரியாயிடும்." ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்துதான் கிடந்தது. வைத்தியம் முதல் வாரத்திலேயே தெருவுக்கே தெரிந்துவிட்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு பலர் இதை ஏதோ சாபம் என்று பேசினார்கள். சாபம் ஒன்றும் இல்லை. ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் அன்றே உட்கார்ந்துவிடத்தான் கிளம்பினார். ஒரு காலைக்கூட உள்ளே வைத்துவிட்டார். போன் அடித்தது. சினிமா தியேட்டரின் மேனேஜர். "அண்ணே, முந்நூறு பேர் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காங்க, வெந்து சாகறாங்க. கோடை லீவுல பிள்ளைங்களோட சந்தோஷமா இருக்கலாம்னு வந்த ஜனம். மனசாட்சியோட பாருங்க." மனசாட்சி என்று சொன்ன பிறகு என்ன செய்வது? காலை வெளியே எடுத்தார். அந்த ஊரில் கோடைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் எந்தெந்தக் குடும்பங்கள் எங்கெங்கே குளுகுளுவென்று சிரித்துக்கொண்டிருந்தனவோ, அங்கெல்லாம் தலைக்கு மேலே ஏணியில் நின்றுகொண்டு அவர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் முதலில் சண்டை போட்டார். பிறகு கெஞ்சினார். "மாமா, ரெண்டடி எடுத்து வச்சா போதும். அக்கா முகத்தைப் பாருங்க."

"சீசன்டா. சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. மழை வந்து, போனும் ஓய்ந்தது. மெக்கானிக் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மைத்துனர் மறுபடியும் வந்து நின்றார்.

"இந்தக் குளிர்ல நீச்சல்குளத்துக்கு எவன்டா போவான்? பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்காதா? உனக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?"

மைத்துனர் மாடிக்கே திரும்பிப் போனார். அடுத்த கோடையும் அதற்கடுத்த மழையும் இப்படியே கழிந்தன. இதற்குள் மெக்கானிக் ஒன்றைக் கவனித்திருந்தார். மகன் ஆறு வயதிலேயே இருந்தான். மகளின் ரெட்டைப் பின்னல் கலையவில்லை. மனைவியின் நெற்றியில் முளைத்த வியர்வைத் துளி இன்னும் புருவத்தைத் தொடவில்லை. மற்ற அப்பாக்களின் பிள்ளைகள் அவர்கள் பார்க்காத நேரத்தில் வளர்ந்துவிட்டார்கள். மீசை முளைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அப்பனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருடைய பிள்ளைகள் மட்டும் விட்ட இடத்திலேயே இருந்தார்கள். எதுவும் கைவிட்டுப் போகவில்லை என்றால் எதற்கு அவசரப்பட வேண்டும்? இந்தக் கேள்வி உள்ளே நுழைந்த நாளிலிருந்து அவர் நன்றாகத் தூங்கினார். தொழிலும் பெருகியது. காருக்கு மேலே வெயில் படாமல் ஒரு தகரக் கூரை போட்டார். வருடத்துக்கு ஒருமுறை டயருக்குக் காற்று அடித்தார். காரின் ஏசியை மட்டும் சரிபார்க்கவில்லை. அது அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வருடம் முன்பே கெட்டுப்போனது.

தெருவில் சில ஆண்களுக்கு இது பொறாமையாக இருந்தது. வாடகைப் பாத்திரக் கடைக்காரர் ஒரு சனிக்கிழமை தன் மனைவியைக் காரில் உட்காரவைத்து, "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். கடையைவிட்டு வெளியே வந்தபோது அவள் இறங்கி வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். அதன்பிறகு அவள் பேசியதைத் தெருவே ஒரு வாரம் கேட்டது. "எல்லா வீட்டுக்கும் அது அமையாது" என்று கடைக்காரர் சலூனில் சொல்லி வருத்தப்பட்டார்.

உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள், எதிர்வீட்டுத் தையல்காரியைத் தவிர. அவளுடைய மிஷின் ஜன்னலோரத்தில் இருந்தது. ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் நேராகக் கார்தான் தெரியும். ஒருநாள் அவள் துணியில் கோடு போடும் சாக்கட்டியோடு வந்து, முன் கண்ணாடியில் மனைவியின் மூக்கு நுனி எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனாள். மழை அழித்தால் மறுபடி வைத்தாள். ஒரு வருடம் கழித்து மூக்கு அந்தப் புள்ளியில் இல்லை. அது பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஏனென்றால் பின் இருக்கையில் சண்டை ஆரம்பித்துவிட்டது. பையன் அக்காவைக் கிள்ளுவதற்கு ஒரு கோடை முழுவதும் ஆனது. அவள் அலறியது அடுத்த மழைக்காலம் தாண்டியும் ஓயவில்லை. டிரான்ஸ்பார்மர் உறுமுகிற மாதிரி தெருவில் ஒரு சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததே, அது மின்சாரக் கோளாறு இல்லை, பிள்ளைகளின் கூச்சல் என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு மனைவி அதட்டியபோது சத்தம் கொஞ்சம் கனமானது. தெரு அதற்கும் பழகிக்கொண்டது.

"தம்பி, உள்ள நேரம் போகுது" என்று தையல்காரி மெக்கானிக்கிடம் சொன்னாள். "நின்னுபோச்சுன்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. மெதுவாப் போகுது."

"மெதுவாத்தானே போகுது அக்கா" என்றார் அவர், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

அவருக்கு முடி நரைத்தது. ஏணி ஏறினால் முட்டி வலித்தது. வேலைக்கு ஆட்கள் வைத்தார். ஆட்கள் வைத்த பிறகு ஆட்களைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையாகி, சனிக்கிழமைகள் முன்பைவிட மோசமாயின. மைத்துனருக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, அவர்கள் வளர்ந்து, காருக்குள் இருக்கும் அத்தை மகளைவிட உயரமாகிவிட்டார்கள். பெரியவன் சைக்கிளில் போகும்போது பழக்கதோஷத்தில் அத்தைக்குக் கைகாட்டிவிட்டுப் போவான். நீச்சல்குளம் இரண்டு முதலாளி மாறியது. இதற்கிடையில் மனைவியின் கண் மணிக்கட்டில் இருந்த வாட்சுக்குப் போனது. ஒரு வருடம் அதையே பார்த்தாள். பிறகு இருக்கையைவிட்டு எழும்பினாள்.

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. கியர் கம்பியில் சேலை மாட்டி, அதை விடுவிக்கவே ஒரு கோடை போனது. மைத்துனர் அன்றாடம் பார்த்துவிட்டு வந்து மாமாவிடம் சொன்னார்: "இடுப்பு வந்துடுச்சு." "கால் வந்துடுச்சு." "உக்காந்துட்டா மாமா." மெக்கானிக் தலையாட்டிக்கொண்டு போனில் பேசினார். கடைசியாக ஒரு சனிக்கிழமை காலை, தியேட்டருக்குக் கிளம்பி வண்டியை எடுத்தவரைத் தையல்காரி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "தம்பி, சாவி திரும்புது. வேலையை அப்புறம் பாருங்க, முதல்ல உங்க பொண்டாட்டி மூஞ்சியைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்தக் காரைத் துடைத்திருக்கிறார், முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. பார்த்தால் கோபம்தான் இருக்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயம். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. பின்னால் பையன் ஏதோ சொல்லியிருக்கிறான், அதற்குச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வராவிட்டால் போகட்டும், நாம் போகலாம் என்று முடிவு செய்து, அந்த முடிவில் கொஞ்சம் லேசாகிவிட்ட மூன்று முகங்கள். அவர் இல்லாமலேயே சனிக்கிழமை நன்றாக இருக்கப்போகிறது. இத்தனை வருடமாகத் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அவர்கள் காத்திருந்தது இரண்டு நிமிடம்தான். அதுவும் தீரப்போகிறது. கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா, தியேட்டர்க்காரன்" என்றார் மைத்துனர்.

"நீயே பேசு. குடும்பத்தோட வெளிய போயிட்டேன்னு சொல்லு."

மைத்துனர் போனை வாங்கவே மறந்து நின்றார். மெக்கானிக் அதை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, காலியாகியிருந்த முன் இருக்கையில், முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தெருவின் உறுமல் சட்டென்று மேலே ஏறி மூன்று குரலாகப் பிரிந்தது. இன்ஜின் உயிர்பெற்றது.

"பரவாயில்லையே!" என்றாள் மனைவி. "ரெண்டு நிமிஷம்னா அரை நாள் ஆக்குவீங்க. இன்னிக்குச் சொன்ன மாதிரி வந்துட்டீங்க." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க இது, தலையெல்லாம் வெள்ளையா? வெயில்ல அலையாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே."

"அப்பா, இவன் என்னைக் கிள்ளிட்டான்."

"தெரியும்மா" என்றார் அவர்.

நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழித்த பெண், முதியோருக்குப் பாதிக் கட்டணம் என்றாள். மனைவி மறுபேச்சு பேசாமல் மிச்சத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் தண்ணீரில் விழுந்தார்கள். "அப்பா, வாங்கப்பா, சறுக்குல வரலாம்!" என்று மகன் கத்தினான். அவர் படியில் உட்கார்ந்து கால்களை நனைத்தார். தண்ணீர் இதமாக இருந்தது. சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான், வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். மகன் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தும் எழுந்திருக்கவில்லை. "விடுடா, அப்பாவுக்கு அசதி" என்று மனைவி அவனை இழுத்துப்போனாள். மூன்று பேரும் மதியம் தாண்டி ஆடினார்கள். டப்பாக்களைக் காலிசெய்து, அவர் பங்கை மட்டும் மூடிவைத்துவிட்டு மறுபடி ஆடினார்கள். காவலாளி விசில் ஊதிய பிறகுதான் அவர் கண் திறந்தார். ரொம்ப நல்லா இருந்தது என்று நால்வரும் ஒத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மனைவி வாசலில் காரை நிறுத்தியபோது தையல்காரி ஜன்னலில் இருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து போயிட்டு வந்தோம்க்கா. என்னக்கா, கண்ணாடி போட ஆரம்பிச்சுட்டீங்க?"

"இப்பத்தான்" என்றாள் தையல்காரி.

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. ஈரத் துண்டுகளைக் காயப்போட வேண்டியிருந்தது.