நாற்பத்து நான்கு புள்ளி எட்டு

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மேடைச் சுவரில் ஒட்டியிருந்த, வருஷத்துக்கு ஒரு உச்ச வெப்பம் என்று புள்ளி வைத்த வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே தனியாக நின்ற ஒன்றின் மீது விரலை வைத்தபோது, மூன்றாவது வரிசையில் இருந்த ஜெபராணி டீச்சருக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. டிசம்பர் மாதம். ஆம்பூரிலும் டிசம்பரில் யாருக்கும் வியர்க்காது.

"இது இன்னா வருஷம்? தொண்ணூத்தஞ்சு. மே மாசம் பதினொண்ணாம் தேதி நாப்பத்தி நாலு புள்ளி எட்டு டிகிரி. அதுக்கப்புறம் பதிமூணு வருஷத்துப் புள்ளி இதுல இருக்குது. ஒண்ணாவது இந்த உயரத்துக்கு வந்துதா? அப்போ பூமி எங்க சூடாவுது?"

கூட்டம் கைதட்டியது. அந்த 2009-ம் வருஷக் கடைசியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே பேச்சுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, பூமியின் சூட்டை ஆராயும் விஞ்ஞானிகளின் கடிதங்களை யாரோ திருடி வெளியிட்டிருந்தார்கள். எண்களைத் திரித்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம், திரிக்கவில்லை என்று ஒரு கூட்டம். சர்ச் வாலிபர் சங்கத்துக்கும் ரோஷம் வந்து, மிஷன் பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு விவாதம் வைத்துவிட்டது: பூமி சூடாவது மெய்யா, மெய்யென்றால் அணு உலைதான் அதற்கு மருந்தா?

அணு உலையை நம் தலையில் கட்டத்தான் இந்தச் சூட்டுக் கதை என்பது முனிரத்தினத்தின் கட்சி. அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று தள்ளிவிட முடியாது. பாலாற்றங்கரையில் அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் கிணற்றில் இறங்கி, மரங்கள் தலையில்லாமல் நின்றன. பாட்டிலோடு வந்த ஓர் அதிகாரி தண்ணீரை மொண்டுகொண்டு போய், நல்ல தண்ணீர் என்று எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து கையில் கருவி வைத்திருக்கிற எவனும் அவருக்குத் திருடன்தான். அவர் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

எதிரே நின்ற பாரதி கணியம்பாடிப் பெண், காட்பாடியில் ஆராய்ச்சி மாணவி. அவளும் அணு உலைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம், சூடு மெய் என்பதை மட்டும் முதலில் ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அரை மணி நேரமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய சாட்சி, இதே பள்ளியின் பின்புறம் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி. பூகோள டீச்சராக வந்த 1980-லிருந்து ஓய்வு பெற்ற 2008 வரை தினமும் அதைப் பார்த்துக் குறித்து வைத்தவள் ஜெபராணி. அந்த நோட்டுகளைப் பிரதி எடுக்கத்தான் பாரதி அக்டோபர் மாதம் முழுக்க அவள் வீட்டுக்கு வந்து போனாள். காபி குடித்தாள், சாப்பிட்டாள். அந்த ஒரு மாதத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

பாரதி வரைபடத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். "இந்தப் புள்ளி எனக்கு இடைஞ்சல்தாங்க. இது இல்லன்னா கோடு ஏறிக்கினேதான் போவுது. எங்க சார்கூட சந்தேகப்பட்டாரு, எடுத்துடுன்னாரு. நான் எடுக்கல. எனக்கு ஒத்து வரலன்னு ஒரு நம்பரை எடுத்தா நானும் ஃபிராடுதான். இது டீச்சர் கண்ணால பாத்து எழுதினது. இருபத்தெட்டு வருஷம், ஒரு நாள் விடாம."

அவள் கை காட்டிய பக்கம் மண்டபமே திரும்பியது. இந்தத் தடவை கைதட்டல் ஜெபராணிக்கு. கும்பிட்டு வைத்தாள்.

அந்தப் புள்ளியை அவள் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி கணவர் கிருபானந்தத்தை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. கோடை விடுமுறை, பெட்டியைப் பார்த்துக்கொள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகக்கூடத் தோன்றவில்லை. மே பதினொன்றில் அவர் போய்விட்டார், பன்னிரண்டில் அடக்கம். காரியமெல்லாம் ஓய்ந்து நோட்டைத் திறந்தால் பத்தொன்பது நாள் வெறுமையாகக் கிடந்தது. பதினைந்து வருஷமாக ஒரு கட்டம் விடாதவள் அவள். முந்தின வருஷங்களின் மே மாதத்தைப் புரட்டி, நாற்பத்தொன்று புள்ளி இரண்டு, நாற்பது புள்ளி ஆறு என்று பொருத்தமாகவே போட்டுக்கொண்டு வந்தாள். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பதினொன்றாம் தேதிக்கு வந்ததும் கை நின்றது. அந்த நாளுக்கு நாற்பதும் நாற்பத்தொன்றும் போதாது என்று தோன்றியது. நாற்பத்து நான்கு புள்ளி எட்டு என்று எழுதினாள். எழுதினதும் கொஞ்சம் அழ முடிந்தது.

இப்போது வாயைத் திறந்தால் இருபத்தெட்டு வருஷ நோட்டும் குப்பை. திறக்காவிட்டால், யாருமே பார்க்காத ஒரு சூட்டுக்காக இந்தப் பெண் தோற்றுப் போவாள். ஜெபராணி எழுந்தாள். மைக் கொண்டுவந்த பையனிடம் வேண்டாம் என்றாள். அறுபது பிள்ளைகளை அடக்கிய குரல் அது.

"அது நான் பாத்து எழுதினது இல்ல. அன்னைக்கு என் வீட்டுக்காரர் செத்துப் போய்ட்டார். அதுக்கு முன்ன பின்ன பத்தொம்பது நாளு நான் இங்க இல்ல. அத்தனையும் என் மனசால போட்டது."

பாரதியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் முனிரத்தினத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு பொய்யின்னா மீதி எப்பிடி நெஜம்னு நம்பறது டீச்சரம்மா?" என்றார் அவர். கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

"மீதி நெஜம். நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

முனிரத்தினம் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த ஆளின் முகமாக அது இல்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க கிணத்தைப் பாத்து எழுதினவன் ஒரு தபா இப்பிடி எழுந்து நின்னிருந்தா..." என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் கலைந்தபோது யார் பக்கம் தீர்ப்பு என்று யாரும் கேட்கவில்லை. சிலர் டீச்சரைக் கடக்கும்போது வேகமாக நடந்தார்கள். பாரதி வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு காகிதங்களைச் சுருட்டினாள். பிறகு பென்சிலோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"காபி குடுத்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல மிஸ்?"

சொல்லியிருக்கலாம் என்று ஜெபராணி தலையசைத்தாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாரதி கேட்டாள், இவள் சொன்னாள். அந்த வருஷத்தையே எடுத்துவிட வேண்டும், மே மாதம் இல்லாத வருஷத்துக்கு உச்சம் எதுவென்று சொல்ல முடியாது என்றாள் பாரதி. எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு நெஜமா எவ்ளோ இருந்திருக்கும்?"

ஜெபராணி யோசித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நாள் அவளுக்குள் எரிந்துகொண்டே இருந்ததே தவிர, வெளியே எப்படி இருந்தது என்று ஒரு தடவை கூட நினைத்துப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசல். சத்தார் ஓட்டிவந்த வேன். பின்னால் கிருபானந்தத்தின் உடல், பக்கத்தில் அவள். பள்ளிகொண்டா தாண்டும்போது சத்தார் திரும்பிப் பார்த்து, கண்ணாடியை ஏத்திக்கோங்கம்மா என்று சொன்னார். ஏன் சொன்னார்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேனின் முன்கண்ணாடி தெரிந்தது. அதில் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.