அஞ்சலித் தாளில் ஒரு மரத்தவளை

பெஞ்சோவின் அஞ்சலித் தாளில் அவர் முகத்துக்குப் பதிலாக ஒரு மரத்தவளையின் முகத்தை அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டியவன் நான்தான். டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே போட்டோக் கடை, அதுவும் என்னுடையது, ஆகவே பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லை. அவருடைய ஒரே படம் என் கணினியில் இருந்தது. அவர் இறந்ததும் மனைவி நெவேனா என்னிடம் கொடுத்த அவருடைய கேமராவிலோ எல்லாம் அவர் எடுத்த தவளைகள். நாணலில் தவளை, முட்புதரில் தவளை, அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தவளை. அத்தனையையும் கணினியில் ஏற்றும்போது தவறுதலாக அந்த ஒரே படத்தின் மேலேயே பதிந்து, அவர் முகத்தை அழித்துவிட்டு, மிச்சமிருந்ததை அச்சுக்கு அனுப்பினேன். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. ஒட்டும்போதும் பசை வாளியைத்தான் பார்த்தேன்.

நண்பகலுக்குள் தாள்களில் இருந்த தவளைகள் நிறம் மாறின. பெஞ்சோ வீட்டுக் கதவில் இருந்தது பச்சை, பாப்லர் மரத்தில் இருந்தது சாம்பல், பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் இருந்தது துரு நிறம். சாயங்காலம் எல்லாமே கத்த ஆரம்பித்தன. மழை வருகிற நாளில் தாளின் உச்சிக்கு ஏறி, அச்சடித்த சிலுவைக்கு மேல் உட்கார்ந்துகொண்டன. புல் அறுப்பவர்கள் வானொலியின் வானிலைச் செய்தியை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பார்த்து வேலைக்குப் போனார்கள். மதுக்கடைக்காரன் தின்கோ மட்டும்தான் குறை சொன்னான்.

"டேய் லாலோ, உன் தவளைய அடக்குடா. மேட்ச்ல கோல் யார் போட்டான்னே காதுல விழல!"

"அது என்னோடது இல்ல, பெஞ்சோவோடது."

"பெஞ்சோ உயிரோட இருந்தப்ப இவ்வளவு பேசினதே இல்லையேடா!"

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தாள் ஒட்டிய அன்றே பெஞ்சோவின் முகம் ஊரார் நினைவிலிருந்து நழுவிவிட்டது, அதுதான் விஷயம். முதலில் மறந்தவன் நான். மதுக்கடையில் ஒருவர் அவருக்கு மீசை வைத்தார், அடுத்தவர் ரக்கியாச் சாராயத்தை உறிஞ்சியபடி அதை மழித்தார். அடக்கம் செய்த பாதிரியாருக்கு அவருடைய காலணி மட்டும் ஞாபகம் இருந்தது. கல்யாணப் படத்தில் பெஞ்சோ மணப்பெண்ணின் காலணி மேலிருந்த தவளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், முதுகுதான் தெரிந்தது. அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிய அலுவலகம், இறந்தவரின் அட்டை என்று வழக்கப்படி மூலையை வெட்டியது, முகம் அந்த மூலையில் இருந்திருக்கிறது. ஆனாலும் நாங்கள் கலங்கவில்லை. ஒரே தலையணையில் ஆயுளைக் கழித்த நெவேனாவுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா?

எங்கள் வழக்கப்படி நாற்பதாம் நாளுக்குப் புதுத் தாள் ஒட்ட வேண்டும், பிறகு அரை வருடத்துக்கு, வருடத்துக்கு, மூன்றாம் வருடத்துக்கு. ஒவ்வொரு தடவையும் நெவேனா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் சொன்னால் வரையவாவது ஆள் பிடிக்கலாம்.

"அக்கா, அவர் மூக்கு எப்படி இருக்கும்?"

"மூஞ்சிக்கு நடுவுல இருக்கும்."

"கண்ணு?"

"ரெண்டு. இந்தத் தடவை தவளையே இருக்கட்டும். இந்தா, ஊறுகாய் கொண்டுபோ."

என்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். தண்டனைக்குத் தகுதியானவன்தான், அதனால் ஊறுகாயை வாங்கிக்கொண்டேன். வெயில் காலத்தில் அவள் கதவருகே நின்று, காகிதத் தவளை காய்ந்துவிடாதபடி விரலால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். சிந்தியதை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் ஒற்றி எடுப்பாள்.

அடுத்த தாளுக்காக நானும் தவளைகளைப் படமெடுக்கப் போனேன். சதுப்பில் இரண்டு தடவை விழுந்து, ஒரு லென்ஸையும் தன்மானத்தையும் அங்கேயே விட்டு வந்தேன். வந்த ஒரே நல்ல படத்தைப் பெரிதாக்கியபோது, தவளையின் தங்கக் கண்ணில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. என்னுடையது. உடனே பெஞ்சோ எடுத்த படங்களைத் தோண்டினேன். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சின்ன மனிதர் இருந்தார், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. சதுப்பில் எடுத்தவை அத்தனையும் அப்படியே. கடைசியில் சமையலறை ஜன்னலில் எடுத்த ஒன்றில் மட்டும், அடுப்புப் பக்கமிருந்து யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், கேமராவை இறக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கசகசா அளவு முகம். உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்தேன். மிச்சமிருந்த முடியைச் சீவிக்கொண்டு ஓடினேன்.

நெவேனா முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மிளகாய் கருகுகிற வாசனை வந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, இவர்தானே?"

மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியல, லாலோ," என்றாள். "நீ தாள் ஒட்டின அன்னைக்கே எனக்கும் அவர் மூஞ்சி மறந்து போயிடுச்சு. நீ தவளையையே போடு."