நாலாம் பிளாக்கில் பழுது

சூளகிரியிலிருந்து பேரிகைக்குப் போகிற வழியில், குன்றை ஒட்டினாற்போல அந்தப் பெரிய விளையாட்டுப் பூங்கா வந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர். சுற்றுவட்டாரத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. இந்தப் பக்கம் எது வந்தாலும் கம்பெனிதான்: பம்ப் கம்பெனி, நூல் கம்பெனி, ரோசாப்பூ கம்பெனி. இதில் ராட்டினம் சுற்றியது, அதனால் ராட்டினக் கம்பெனி.

ஆட வருகிறவர்கள் தங்குவதற்குப் பூங்காவுக்குள்ளேயே ஓட்டல் கட்டியிருந்தார்கள். நாலு பிளாக், பிளாக்குக்கு நூறு அறை. முதல் மூன்றும் நீச்சல்குளத்தைப் பார்த்தபடி இருக்கும். நாலாவது மட்டும் பின்பக்கம் திரும்பி, கிரானைட் வெட்டிய குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டு வாங்கி அங்கே தங்குகிறவர் கிடையாது. மற்ற மூன்றிலும் கூட்டம் சேர்ந்தால்தான் அதற்கு ஆள் வரும்.

அந்த நாலாம் பிளாக்கில் அறை துடைக்கிற பத்துப் பெண்களுக்கு மாதேஸ்வரிதான் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் மற்றவர்களைப் போல கான்ட்ராக்ட் ஆள்தான். கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எந்த அறை முடிந்தது, எந்த அறையில் குழாய் ஒழுகுது என்று அதில் தட்ட வேண்டும்.

வேலை உண்டா இல்லையா என்பதைக் காலையில் ஒரு எண் சொல்லும். நூறு அறைக்கு எத்தனை அறையில் ஆள் இருக்கிறது என்கிற கணக்கு அது. எண் அறுபதுக்கு மேலே இருந்தால் நாலாம் பிளாக் திறந்திருக்கும், பத்துப் பேரும் போகலாம். அறுபதுக்குக் கீழே இறங்கினால் இருக்கிறவர்களை முன்பக்கத்து மூன்று பிளாக்கில் அடைத்துவிட்டு, நாலாவதைப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. போனில் கான்ட்ராக்டர் எண்ணை மட்டும்தான் அனுப்புவான். வா, வராதே என்று ஒரு வார்த்தை இருக்காது. மாதேஸ்வரி அடுப்புப் பற்றவைக்கும் முன் போனைத்தான் பார்ப்பாள். குளித்துக் கிளம்புவதா, இல்லை புருஷன் ராமப்பனோடு பக்கத்துக் காட்டுக்குக் கொத்தமல்லி பிடுங்கக் கூலிக்குப் போவதா என்று அதைப் பார்த்த பிறகுதான் தெரியும். ராமப்பனுக்கு மூக்கண்டப்பள்ளிக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் மாட்டி வலதுகையில் இரண்டு விரல் போனதிலிருந்து கம்பெனி வேலை கிடையாது. மகள் சுசித்ரா கிருஷ்ணகிரியில் நர்சிங் இரண்டாவது வருஷம்.

அந்த எண் வராத வாழ்க்கை ஒன்று வேண்டும் என்பதுதான் மாதேஸ்வரியின் ஆசை எல்லாம். அதற்கு ஒரே வழி பெர்மனன்ட். கம்பெனி ஆளாகிவிட்டால் எண் எதுவாக இருந்தாலும் மாசச் சம்பளம். தீபாவளி வரைக்கும் நாலாம் பிளாக்கைப் பூட்டாமல் ஓட்ட முடிந்தால் அவளையும் பத்துப் பேரையும் பெர்மனன்ட் ஆக்குவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் ஜெயப்ரியா மேடம். அறை விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தம்மா கையில்தான். கோவைப் பக்கத்துப் பெண், பெங்களூரில் படித்தவள், யாரையும் ஒருமையில் பேசமாட்டாள்.

ஒரே கட்டில், ஒரே விரிப்பு. செவ்வாய்க்கிழமை ஆறாயிரம், சனிக்கிழமை பதினாலாயிரம் என்றால் அது எப்படி என்று மாதேஸ்வரி ஆரம்பத்தில் மண்டையைக் குடைந்துகொண்டதுண்டு. நாராயணம்மாதான் விளக்கினாள். ஐம்பதைத் தாண்டிய பேரிகைக்காரி, வீட்டில் தெலுங்கு, வெளியில் எல்லாம். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போய் நஷ்டப்பட்டே வயசானவள். தன்னைவிடச் சின்னவளைத் தெலுங்கில் அம்மாயி என்றுதான் கூப்பிடுவாள்.

"தக்காளி மாதிரிதான் அம்மாயி. வரத்து கொறைஞ்சா வெல ஏறும். என்னா ஒண்ணு, தக்காளி அழுகும், கட்டில் அழுகாது."

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எண் இறங்க ஆரம்பித்தது. எழுபது, அறுபத்தாறு, அறுபத்துமூன்று. வெள்ளிக்கிழமை அறுபத்தொன்று. பத்துப் பேரும் வந்தார்கள், ஆனால் ஒருத்தி முகத்திலும் களை இல்லை. நாளைக்கு ஒரு படி இறங்கினால் பூட்டு. பூட்டினால் தீபாவளிப் பேச்சும் போச்சு.

நாராயணம்மா காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள். மேல்மாடியில் பாதி அறைகள் மாசக்கணக்காக ஆள் படுக்காமல் கிடக்கின்றன. புழங்காத வீட்டில் மூதேவி குந்திக்குவா, அவள் குந்தியிருக்கிற இடத்துக்கு எவன் வருவான் என்றாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு சாம்பிராணி போட்டால் சரியாகிவிடும். ஃபரீதா சூளகிரிப் பெண். எங்க வீட்டில் வியாழக்கிழமை போடுவோம், நேத்து தர்காவில் கொடுத்தது பையில்தான் இருக்கிறது என்று உடனே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு சாமிக்கும் பொதுவான புகை, இதில் யாருக்கு என்ன ஆட்சேபம்.

அறைக்குள் புகை வந்தால் கூரையில் பதித்திருக்கிற ஒரு வட்டக் கருவி கத்தும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார்கள். குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒவ்வொரு அறையிலும் உண்டு. அதை எடுத்து அந்த வட்டத்துக்கு மாட்டிவிட்டார்கள். கேன்டீனிலிருந்து ஒரு சட்டியில் தணல் வந்தது. ஜன்னலைத் திறந்து, மூலைக்கு மூலை காட்டினார்கள். அறை கமகமத்தது. ஃபரீதா கண்ணை மூடி ஏதோ ஓதினாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். ஆனால் சாம்பிராணி போடுகிறவள் வாசப்படிக்குக் காட்டாமல் முடிப்பாளா? உள்ளே மட்டும் காட்டினால் மூதேவி எந்த வழியாகப் போவாள்? சட்டியை ஏந்திக்கொண்டு, பொறுப்பாளி என்கிற முறையில், மாதேஸ்வரிதான் கதவைத் திறந்தாள். புகை அவளுக்கு முன்னால் வராந்தாவுக்குப் போனது. வராந்தாக் கூரைக்கு யாரும் தொப்பி மாட்டியிருக்கவில்லை.

மணி ஒரு பிளாக்கில் மட்டும் அடிக்கவில்லை, நாலிலும் அடித்தது. ஈர ஜட்டியோடும் துண்டோடும் ஜனங்கள் புல்தரைக்கு ஓடிவந்தார்கள். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் திட்டினார்கள். ஒரு பெரியவர் சோப்பு நுரையோடேயே வந்து நின்றார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நாலாம் பிளாக்கிலிருந்து இறங்கி வந்தவர்களை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். பத்துப் பெண்களையும் அரைநாளிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் மாதேஸ்வரி போனைப் பார்த்தாள். எண்பத்தொன்று.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். எண்பத்தொன்றுதான். அதற்குள் நாராயணம்மா போன் போட்டுவிட்டாள். "பாத்தியாமே? ஒரே நாள்ல இருபது ஏறிப்போச்சு. மூதேவி ஓடிட்டா. நா சொன்னேன், நீங்க எவளும் நம்பல." ஆட்டோவில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. ஃபரீதாவின் கையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, எண் ஏறிவிட்டதே, எண்ணை மீறி யார் என்ன செய்ய முடியும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

கேட்டில் காவலாளி நிறுத்தினான். நாலாம் பிளாக்குக்கு வேலை இல்லை என்றான். எண்பத்தொன்று வந்திருக்கே என்று நாராயணம்மா போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா, நாலாம் பிளாக் மூடியாச்சு என்றான். பிறகு மாதேஸ்வரியை மட்டும் உள்ளே வரச்சொன்னதாகச் சொன்னான். மற்றவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

போகிற வழியெல்லாம் மாதேஸ்வரி தயார் செய்துகொண்டு போனாள். யார் போட்டது என்று கேட்டால் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். போனால் தன் ஒருத்தி வேலை போகட்டும். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

ஜெயப்ரியா மேடம் கேட்கவே இல்லை. உட்காரச் சொன்னாள். டீ வரவழைத்தாள். தீயணைப்புச் சாதனமெல்லாம் சரிபார்க்கும் வரைக்கும் நாலாம் பிளாக்கைப் பழுது என்று கம்ப்யூட்டரில் போட்டிருப்பதாகச் சொன்னாள். பழுது என்று போட்டால் அந்த நூறு அறையும் கணக்கிலேயே வராது. ஆள் அதே ஆள்தான். அறை முந்நூறு ஆகிவிட்டது. அதனால் நேற்று அறுபத்தொன்றாக இருந்தது இன்று எண்பத்தொன்று. எண் ஏறினதும் விலை தானாகவே ஏறிவிட்டது. எட்டாயிரத்துக்குப் போகாத அறை இன்றைக்குப் பன்னிரண்டாயிரத்துக்குப் போகிறது. சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயந்துகொண்டு வாங்குகிறார்கள். நூறு அறைக்குக் கரண்டு மிச்சம், சலவை மிச்சம், கூலியும் மிச்சம்.

"நாலாவதை மூடலாம்னு ரெண்டு வருஷமா மேலிடத்துல சொல்லிட்டிருந்தேன், ஒருத்தரும் நம்பலை. உங்க சாம்பிராணிக்கு நான்தான் தேங்க்ஸ் சொல்லணும், மாதேஸ்வரி," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. மனசார, சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் மாதேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"அப்ப பிளாக்கு எப்ப மேடம் தெறப்பீங்க?"

"மூடினாத்தான் லாபம்னு தெரிஞ்சப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

ஆனால் அடைத்தே போட்டால் குழாய் நாறும், கட்டில் பூசணம் பிடிக்கும். தினம் போய்க் குழாயைத் திறந்துவிட, ஜன்னலைத் திறந்துவைக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும். வாரத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு அறைக்கும் டேப்பில் ஒரு பழுது தட்ட வேண்டும்: ஒழுகல், ஏசி, ஏதோ ஒன்று. அது மாதேஸ்வரிக்குப் பெர்மனன்ட் வேலை, இந்த மாசத்திலிருந்தே என்றாள் மேடம்.

"மத்தவங்க?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"ரிப்பேர் நடக்குது, முடிஞ்சதும் கூப்பிடுவோம்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

மாதேஸ்வரி டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுசித்ராவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு. நாளைக் காலையில் எழுந்து போனைப் பார்க்காமல் அடுப்புப் பற்றவைக்கலாம். சரி என்று வாயால் அவள் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டாள். அதுவே போதுமாக இருந்தது.

மரத்தடியில் காத்திருந்தவர்களிடம் ரிப்பேர் என்று சொன்னாள். அத்தனை பேரும் நம்பினார்கள். தங்களால்தானே இந்த வினை என்று ஃபரீதா அழுதாள். அவளைத் தேற்றினவளும் மாதேஸ்வரிதான்.

ஆயுத பூஜை வந்தது, போயிற்று. தீபாவளியும் போயிற்று. மாதேஸ்வரி தினம் நூறு அறைக்கும் போய் நூறு குழாயைத் திறந்து மூடினாள். ஆள் படுக்காத கட்டிலில் சுருக்கம் விழாத விரிப்பு. துடைக்க ஒரு கறை கிடையாது. முதல் வாரம் சும்மாவாவது துடைத்தாள், அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். எண் எண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஃபரீதா ரோசாப்பூ கம்பெனிக்குப் போய் முள்குத்துப்பட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், இன்னிக்கு எத்தனை என்பார்கள். தொண்ணூத்திரண்டு என்பாள். அப்ப சீக்கிரம் கூப்பிடுவாங்க, இல்ல என்று கேட்பார்கள். ரிப்பேர் இன்னும் முடியல என்பாள். சொல்லச் சொல்ல அந்தப் பொய் நாக்குக்குப் பழகிப்போனது. ஜலதோஷம் விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்வதைப்போல.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாராயணம்மா வீட்டுக்கு வந்தாள். மடியில் ஒரு கூறு அவரைக்காய். ராமப்பன் நலம் விசாரித்துவிட்டு வெளியே போனான். மாதேஸ்வரி டீ போட்டுக் கொடுத்தாள்.

நாராயணம்மா சும்மா வரவில்லை. பழைய பத்துப் பேரும் கூடிப் பேசினார்களாம். இத்தனை நாளாக ரிப்பேர் முடியவில்லை என்றால் ஆள் கிடைக்கவில்லை போல. அவள் மகன் சந்தோஷ் பிளம்பர்தானே, ஓசூரில் பெரிய அபார்ட்மென்ட் வேலையெல்லாம் எடுத்துச் செய்கிறவன். புகை போட்டுக் கெடுத்தது நாம்தான் என்பதால் கூலி வேண்டாம் என்கிறானாம். சாமான் செலவுக்குப் பத்துப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமயா வந்து நூறு ரூமையும் ஒழுகலில்லாம செஞ்சி தரேன்றான். மேடம்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு அம்மாயி. அடுத்த வாரமே கூட்டினு வரட்டா?"

எத்தனையோ பதில் இருந்தது. மேடம் ஒப்புக்க மாட்டாங்க என்று சொல்லியிருக்கலாம், வெளியாளை விடமாட்டாங்க என்றிருக்கலாம். பழகின நாக்குதான். ஆனால் ஃபரீதாவும் காசு போடுகிறாளா என்று எண்ணியபோது அது எழவில்லை.

"ரிப்பேர் எதுவும் இல்லக்கா," என்றாள் மாதேஸ்வரி. "ஒரு குழாய்கூட ஒழுகல. காலியா கெடந்தாத்தான் மத்த ரூமுக்கு வெல ஏறுது. அதுக்கோசரம் மூடி வெச்சிருக்காங்க. இனிமே தெறக்க மாட்டாங்க."

நாராயணம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தக்காளி வெல போகலன்னா ரோட்டுல கொட்டிட்டு அழுவோம். எங்களுக்கு ஒரு நாளும் அதுல வெல ஏறல," என்றாள். பிறகு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"மரத்தடில எங்ககிட்ட வந்து சொன்னியே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

திட்டுவாள் என்று மாதேஸ்வரி காத்திருந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், தெலுங்கில் நாலு சொல்லுவாள், அதோடு தீரும் என்று எதிர்பார்த்தாள். நாராயணம்மா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். டம்ளரை வாங்க மாதேஸ்வரி கை நீட்டினாள். நாராயணம்மா கொடுக்கவில்லை. வாசலில் இருந்த தொட்டிக்குப் போய், தண்ணீர் மொண்டு, டம்ளரை உள்ளும் புறமும் தானே கழுவினாள். அந்நியர் வீட்டில் குடித்தவள் செய்கிறதுபோல, வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.