ஜாடிப் பாசி

கண்டரமாணிக்கத்துச் செம்மலை கொத்தனாரைக் கேட்டால், பாசி என்பது சுரண்டிப் போட வேண்டிய சனியன். மழைக்காலத்துக்கு முன்னால் பெரிய வீட்டு மொட்டைமாடிகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டால் சுரண்டியே முட்டி தேய்ந்த மனுசர். சுரண்டி, சுண்ணாம்பையும் கொட்டிவிட்டு இறங்கினால், மறுவருசம் அதே இடத்தில் பச்சைப்பசேலென்று பல்லிளிக்கும்.

அந்தச் சனியனைத்தான் அவர் மருமகன் சிவபிரகாஷ் கண்ணாடி ஜாடிக்குள் வைத்துச் சீராட்டிக்கொண்டிருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை போய், பெண்டாட்டி காளீஸ்வரியோடு மாமனார் வீட்டில் வந்து ஒண்டியவன். கொடைக்கானல் நர்சரியிலிருந்து காட்டுப் பாசி வாங்கிவந்து, கூழாங்கல், கரி, மண் என்று அடுக்கி, மேலே பாசியைப் பதித்து மூடிவிட்டான். உள்ளேயே வேர்த்து உள்ளேயே மழை பெய்துகொள்ளுமாம். மூடியைத் திறக்கக் கூடாதாம், வெயில் ஆகாதாம். பிள்ளை பெற்றவளைக்கூட இந்தத் தாங்கு தாங்க மாட்டார்கள்.

டீக்கடைக்கார மாயக்கண்ணன் விடுவானா?

"என்ன கொத்தனாரே, மருமகன் பாசிக்குக் காவல் இருக்காராமே?"

செம்மலைக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தப் பயல் எங்கேயாவது ஒரு வேலையைப் பிடித்து, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சு ஓய வேண்டும்.

அதற்கும் வழி பிறந்தது. வீடுகளுக்குச் செடி வைத்துக்கொடுக்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, ஜாடியைக் கொண்டுவந்து காட்டு, பிடித்திருந்தால் வேலை என்றது. பாசி வளர்க்கச் சம்பளமா என்று செம்மலை காறித் துப்பினார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

புறப்படுவதற்கு முதல்நாள், ஜாடிக்குத் தோதாக ஒரு பெட்டி வாங்க சிவபிரகாஷ் காரைக்குடிக்குப் போனான். செம்மலை ஜாடியைக் குனிந்து பார்த்தார். சோகை பிடித்த மாதிரி இருந்தது பாசி. இந்த லட்சணத்தில் கொண்டுபோனால் எவன் வேலை கொடுப்பான்? பூசின சுவருக்கெல்லாம் தண்ணீர் காட்டிப் பழகின கை. மூடியைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். திரும்ப இறுக்கி மூடி, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைத்தார். சுண்ணாம்புக்கே சாகாத ஜென்மம், வெயிலுக்கா சாகப்போகிறது?

சாயங்காலம் சிவபிரகாஷ் மூடியைத் திறந்தபோது அவிந்த கீரை நாற்றம் அடித்தது. பாசி பழுப்பாகக் குழைந்து கிடந்தது. காளீஸ்வரி அப்பனை முறைத்தாள். செம்மலை முந்திக்கொண்டார்.

"வெயில் தாங்காதது என்ன பாசி மாப்பிள்ளை? கொடைக்கானல்ல உங்களை நல்லா ஏமாத்திப்புட்டாக."

சிவபிரகாஷ் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கோயம்புத்தூருக்குப் போன் பேசிவிட்டு நிதானமாக வந்தான்.

"வேற வளர்த்துக் கொண்டாரச் சொல்லிட்டாக மாமா. பாசி நல்லாப் படர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நாங்க இங்குட்டுத்தான்."

மறுநாள் விடிந்ததும் செம்மலை தன் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். வீட்டில் வெயில் எட்டிப் பார்க்காத மூலை அவர் படுக்கிற மூலை ஒன்றுதான். கொடைக்கானலில் வாங்கியதில் மிச்சம் இருந்த பாசியைப் பதித்த புது ஜாடி அங்கே ஏறி உட்கார்ந்தது. காளீஸ்வரி விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் வந்ததுதான் தாமதம், தூசி படுது, அங்குட்டுப் போடி என்று எரிந்து விழுந்தார்.