ஆறு பக்கத்துக்குள் அடங்கிய பத்திரம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வாடகை ஒப்பந்தம். என்னுடையதுதான். வக்கீல் அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்த பெண் அச்சடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அப்படிப் போகக் கூடாதாம். கையெழுத்து மட்டும் ஒரு தாளில் இருந்தால், நாளைக்கு எவனாவது அதை உருவி வேறு பத்திரத்தின் பின்னால் கோத்துவிடலாம். "ஒரு வரி எடுத்தா மேல வந்துடும் சார்" என்றாள். எடுத்தாள், வந்துவிட்டது. எந்த வரி என்று கேட்டேன். "சும்மா கிடந்த வரி சார்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதினால் புளுகு. நன்றாகத்தான் தூங்கினேன். அந்தச் சும்மா கிடந்த வரி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இனி வருவதெல்லாம் கற்பனை, ஆகவே இதில் நடக்கும் அநியாயத்துக்கு நான்தான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: "நிறுவனங்கள் இணையும்போது பங்குகளை மாற்றிக்கொள்ளும் உரிமை என்பது..."

வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கிருந்தே தெரிகிறது.

இரண்டாவது: "பேராசை பிடித்த முதலாளி ஒருவன் அந்த வரியை அடிக்கச் சொல்லி..."

இதையும் அடித்துவிட்டேன். ஒரு வில்லன் கிடைத்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதி இந்தக் கதையில் யாருக்கும் கிடையாது.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். அவள் பத்திரம் எழுதுகிறவள், பதினொரு வருடமாக அதே மேசை. அக்கா வீட்டிலேயே இருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் பம்பு செய்யும் கம்பெனியின் வார்ப்புப் பட்டறையில், உலைக்கு முன்னால் நின்று நின்று புருவம் பொசுங்கிப்போனவர். ஐந்து வருடம் ஆகப்போகிறது, கம்பெனி தன் தொழிலாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பங்கு கொடுத்தது. ஓட்டு இல்லாத பங்கு. ஐந்து வருடம் முடிந்ததும் ஓட்டுள்ள பங்காக மாற்றிக்கொள்ளலாம். அதற்கான பத்திரம் எழுதும் வேலை அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

(சொந்தக்காரர் விவகாரம் என்று வக்கீலிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னாள். "நல்லதாப் போச்சு, கவனமா எழுதுவே" என்றார்.)

கவனமாகத்தான் எழுதினாள். யாரும் கேட்காமல் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைவதாக இருந்தால், ஐந்து வருடம் காத்திராமல் பங்குகளை உடனே மாற்றிக்கொண்டு ஓட்டுப் போடலாம். அன்று சாப்பிடும்போது பெருமை தாங்கவில்லை. "மாமா, உங்களுக்குன்னு ஒரு வரி போட்டிருக்கேன். நாளைக்கு எந்தக் கொம்பன் வந்து வாங்கினாலும் உங்களைக் கேக்காம முடியாது."

மாமா மறுநாளே பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார்.

3

கையெழுத்து நாளன்று முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, அவ்வளவு நல்ல மனிதர். அவள் அச்சடித்தாள். ஆறு பக்கம் நிறைந்து, கையெழுத்து மட்டும் ஏழாம் பக்கத்தில் நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினாள், பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்களே என்று பழையபடி ஆக்கினாள். ஓரத்தைக் குறைத்தாள், துளை போட இடமில்லாமல் போனது. "என்னம்மா, ஆச்சா?" என்று வக்கீல் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். சட்டம் கேட்ட வரிகள், வக்கீல் சொன்ன வரிகள், முதலாளி சொன்ன வரிகள். யாரும் கேட்காதது ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருடமாக ஒரே குடும்பம் நடத்தும் கம்பெனியை யார் வந்து வாங்கப் போகிறார்கள்? எடுத்தாள். கையெழுத்து மேலே வந்தது. அப்புறம் அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று அதை மறந்தே போனாள்.

(கடைசி இரண்டு வரியையும் சேர்த்து ஏழாம் பக்கத்துக்குத் தள்ளியிருந்தால் கையெழுத்து தனியாக நின்றிருக்காதே என்கிறீர்கள். தள்ளியிருக்கலாம். நானும் நூறு தடவை தள்ளிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.)

4

ஐந்து வருடம் முடிய இன்னும் நான்கு மாதம். இந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குக் கடிதம் வருகிறது. பெரிய கம்பெனி ஒன்றோடு இணையப் போகிறார்கள், இணைந்ததும் வார்ப்புப் பட்டறையை மூடுவார்கள். ஒப்புதல் கூட்டம் அன்றிலிருந்து ஒன்பதாம் நாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஓட்டுப் போட்டால் தடுத்துவிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பட்டறையில் யாரும் பயப்படவில்லை. அதுதான் ஒரு வரி இருக்கிறதே.

மறுநாள் மத்தியானம் மாமா பத்திரத்தோடு அவள் அலுவலகத்துக்கு வருகிறார். படிக்கட்டில் பத்துப் பேர் காத்து நிற்கிறார்கள்.

"மூணு தடவை படிச்சேன்மா, என் கண்ணுல படல. உங்க சட்ட பாஷையில எழுதியிருப்ப. எந்தப் பக்கம்னு காட்டு, கோடு போட்டுக்கறேன்."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வருகிறது. பத்திரத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டுகிறாள்.

(சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: பத்திரத்தில் இல்லாவிட்டால் என்ன, நீதிமன்றத்துக்குப் போகலாமே? போகலாம். தீர்ப்பு வரும்போது பட்டறை இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்திக்கொண்டிருப்பார்கள்.)

5

முடிவு எழுதினேன். ஒன்றல்ல, மூன்று.

அவள் சொல்லிவிடுகிறாள். மாமா பத்திரத்தை மடித்துக்கொண்டே, "சரி, விடும்மா. அக்காகிட்ட சொல்லிடாத" என்கிறார். இதை எழுதிய பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இல்லையென்றால், "இப்ப சட்டத்தையே மாத்திட்டாங்க மாமா, அந்த வரி செல்லாது" என்கிறாள். அவர் நம்பிவிடுகிறார். போகிற போக்கில், "நீ எங்களுக்காக எவ்வளவு பண்ணே" என்று வேறு

இதை முடிக்க முடியவில்லை.

மூன்றாவது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வரியை நானே போட்டுவிட்டேன். கதைதானே, என் பேனாதானே. மாமா கோடு போட்டுக்கொண்டார், படிக்கட்டில் கைதட்டினார்கள். படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் யாரோ, மாமா யாரோ. என் ஆட்கள் இரண்டு பேரும் இன்னும் அந்த மேசையருகில் அப்படியேதான் இருந்தார்கள்.

6

இப்போதும் இருக்கிறார்கள். அவள் ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டாள். மறுபடி முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வரி வரியாகத் தேடுகிறாள். இல்லை என்று தெரிந்தே தேடுகிறாள்.

"மெதுவாப் பாரும்மா. அவசரமே இல்ல" என்கிறார் மாமா.

அவளால் சொல்ல முடியாது. எனக்கும் துணிச்சல் இல்லை, மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. அந்த அறையில் விஷயம் தெரிந்த இன்னொருவர் நீங்கள். மாமா இப்போது தலையை நிமிர்த்தி உங்களைத்தான் பார்க்கிறார்.