எரிய வேண்டிய சிவப்பு விளக்கு

பாலுசாமிக்கு முன்னால் பொங்கியண்ணனிடம் கார் ஓட்டியவருக்குத் தும்மியதால் வேலை போனது. பெண் பார்க்கக் கிளம்பும் நேரத்தில் தும்மினால் எந்த முதலாளிதான் பொறுப்பார் என்று ஊரிலும் நியாயம் பேசினார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பும் கயிறு மில்லும் வைத்திருக்கிற மனிதருக்குச் சகுனம் பார்க்க மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. தாராபுரத்துப் பெண் பூனையால் தட்டிப்போனாள். கோபிப் பெண்ணைப் பல்லி கெடுத்தது. மகன் சரவணனுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. பாலுசாமி ஆறு வருடமாகத் தும்மலை விழுங்கிப் பழகியிருந்தான். படிக்கிற வயதில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்க, இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு போக்கு இல்லை.

தொண்ணூற்றாறாம் வருடம் தை மாதம் அவிநாசிப் பக்கம் கீதா என்றொரு பெண் அமைந்தாள். அவள் போட்டோவைச் சரவணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மில்லுக்குப் போய்வந்ததைப் பாலுசாமி கவனித்துவிட்டான். வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவானது. வழியில் மக்கர் செய்யக்கூடாதென்று திங்கட்கிழமையே அம்பாசிடருக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டினான்.

வினை அதில்தான் வந்தது. பழைய பேட்டரி செத்துக்கொண்டிருந்த காலத்தில், சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இப்போது ரத்தச் சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. பின் சீட்டில் ஏறிய முதலாளியின் மனைவி நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதென்ன செவப்பா எரியுது?"

"பேட்டரி லைட்டுங்கம்மா. ஸ்டார்ட் ஆனா அணைஞ்சுபோகுமுங்க. அப்படித்தானுங்க எரியோணும்."

"அது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? கெளம்பையில செவப்பு லைட்டப் பாத்தா எறங்கி ஊட்டுக்குள்ள போயிருவாரு. அதக் கழட்டிப்போடு."

அவர் சொன்னது உண்மைதான். பாலுசாமி டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டாணி அளவு பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விளக்கு சேதி சொல்லத்தானே இருக்கிறது, அது இல்லாவிட்டால் வண்டி ஓடாமலா போய்விடும் என்று நினைத்தான்.

நான்கு நாள் ஓடத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டார்ட்டர் கொஞ்சம் இழுத்தது. பனி என்று நினைத்துக்கொண்டான். பல்லடம் தாண்டும்போது ஹாரன் சளி பிடித்த குரலில் கத்தியது. சாமி கும்பிட்டுவிட்டுப் பெண் வீட்டுக்குப் போகலாமென்று அவிநாசிக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். தேங்காய் நல்லபடியாக உடைந்ததில் பொங்கியண்ணனுக்குச் சந்தோஷம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

பெண் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர்தான். நல்ல நேரமும் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"திரும்பிருவோம்," என்றார் பொங்கியண்ணன். "புது பேட்டரி, அதுவும் கோயில் வாசல்ல நிக்குது. சாமியே வேண்டாங்குது."

சரவணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேர் நிற்கும் பக்கம் நடந்துபோனான். பாலுசாமிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"திரும்பறதுக்கும் வண்டி ஓடோணுமுங்களே," என்று சொல்லிவிட்டு, கடைவீதியில் விசாரித்து ரசாக் என்கிற கார் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தான். ரசாக் கையில் ஒரு மீட்டரும் தோளில் ஒரு பேட்டரியும் கொண்டுவந்தார்.

அவர் பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தன. மீட்டரை வைத்தார். "நல்ல பேட்டரிதானுங்க. சார்ஜ் ஏறாம காலியாக் கெடக்குது." பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், அதிலும் குறையில்லை. தன் பேட்டரியை வயரால் இணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார்.

"ஆயில் லைட்டு எரியுது. பேட்டரி லைட்டு எரியலீங்களே."

"எரியாட்டி நல்லதுதானே," என்றார் பொங்கியண்ணன்.

"ஓடறப்ப எரியாட்டித்தானுங்க நல்லது. கெளம்பறப்ப எரிஞ்சே ஆகோணும். அந்த பல்பு வழியாப் போற கரண்டுலதானுங்க ஆல்டர்னேட்டரே முழிச்சுக்கும். இல்லீனா சும்மா சுத்தும், சார்ஜ் ஏறாது." டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "பல்பையே காணோமுங்க. யாரோ கழட்டியிருக்காங்க."

"யாரு கழட்டுனா என்ன, நின்னது கோயில் வாசல்ல. வேண்டாம், திரும்பிருவோம்," என்றார் பொங்கியண்ணன்.

நஞ்சம்மாள் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் பெயரை இழுக்கப் பாலுசாமிக்கு மனம் வரவில்லை. பேசாமல் இருந்தால் வேலை மிஞ்சும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. பையிலிருந்து பல்பை எடுத்து நீட்டினான்.

"சாமி நிறுத்தலீங்க, நாந்தானுங்க நிறுத்துனது. செவப்பா எரிஞ்சா உங்களுக்குப் புடிக்காதுன்னு நானாக் கழட்டிப்போட்டனுங்க."

பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை. "ஊர் போனதும் சாவியக் குடுத்துட்டுப் போயிரு," என்றார். எதிர்பார்த்ததுதான் என்றாலும் பாலுசாமிக்குப் பெண் பிள்ளைகள் இரண்டும் கண்ணுக்குள் வந்தன.

"அவன எதுக்கு அனுப்பறீங்க? கழட்டச் சொன்னது நானுங்க," என்றார் நஞ்சம்மாள்.

"நீயா? சகுனத்த மறைச்சுப்போட்டுப் போனா காரியம் உருப்படுமா, அம்மணி?"

நஞ்சம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, உங்க சவாரி மாட்டுவண்டி வாசல்ல வந்து நிக்கறப்ப எங்கூட்டுச் சாமி வெளக்கு அணைஞ்சுபோச்சுங்க. எங்கய்யனுக்குக்கூடத் தெரியாது. நாந்தான் ஓடிப்போயி மறுபடி பத்தவெச்சேன். முப்பத்தஞ்சு வருசமாச்சுங்க."

ரசாக் பாலுசாமியின் கையிலிருந்து பல்பை வாங்கி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. சார்ஜ் ஏறி, மீட்டரில் முள் பதினாலு வோல்ட்டைத் தொட்டது. "நம்ம பேட்டரிய மாட்டித் தர்றேன், போயிட்டு வாங்க. உங்களுத அதுக்குள்ள சார்ஜுல போட்டுவெக்கறேன்," என்றார் ரசாக்.

எப்போதும் முன் சீட்டில் உட்காருகிற பொங்கியண்ணன் அன்று பின்கதவைத் திறந்து, நஞ்சம்மாளை முதலில் ஏறச்சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாலு, சரவணனக் கூப்பிடு," என்றார். "நேரமாச்சு."